லூர்தம்மாள் கையால் போணி

பூட்டுக் கடைக்கு மேலே இருந்த அந்த ஷேர் ஆபீசின் படி ஓர் ஆள் அகலம்தான். இறங்குகிறவர் சுவரோடு ஒட்டி நின்றால்தான் ஏறுகிறவர் ஏற முடியும். லூர்தம்மாளுக்கு இரண்டு கையிலும் தூக்குவாளி, ஒன்றில் இட்லி, ஒன்றில் குடல் குழம்பு. முழங்கால் வலி வேறு. பாதிப் படியில் நின்று, "ஏசுவே" என்று ஒரு சத்தம் கொடுத்துவிட்டுத்தான் மீதியை ஏறுவாள். அந்தச் சத்தம் கேட்டதும் மேலே நாற்காலிகள் நகரும். "வந்துட்டாங்கப்பா" என்று ஒரு குரல் வரும். இட்லிக்காகத்தான் இந்தப் பரபரப்பு என்று நினைத்தால் தப்பு. அவள் கைக்காக.

சந்தை திறந்ததும் அன்றைய முதல் ஆர்டரை லூர்தம்மாள் கையால் போட வேண்டும் என்பது அந்த ஆபீசின் சட்டம். திண்டுக்கல்லில் டீக்கடைக்காரர்கூட முதல் காசைக் கண்ணில் ஒற்றிக்கொண்டுதான் டப்பாவில் போடுவார். போணி சரியில்லை என்றால் அன்றைக்கு முழுக்க ஈ ஓட்ட வேண்டியதுதான். கம்ப்யூட்டர் வந்துவிட்டால் மட்டும் அந்தப் பழக்கம் போய்விடுமா என்ன?

ஆரம்பித்து வைத்தவன் ஆபீஸ்காரன் சகாயராஜ். லூர்தம்மாள் போகும் அதே மாதா கோயிலுக்குப் போகிறவன். இரண்டாயிரத்து ஆறில் ஒருநாள் ஆபீசே இழவு வீடுபோல் இருந்தபோது, "அக்கா, நீங்க போணி பண்ணுங்க பாப்போம்" என்று விளையாட்டாக அவள் விரலைப் பிடித்து பொத்தானை அழுத்த வைத்தான். அன்று ஏறியது. மறுநாளும் ஏறியது. அந்த இரண்டு வருடமும் கழுதை கால் வைத்து அழுத்தியிருந்தாலும் ஏறித்தான் இருக்கும், நாடு பூராவும் அப்படித்தான் ஏறிக்கொண்டிருந்தது. அதைச் சொன்னால் யார் கேட்டார்கள்? லூர்தம்மாள் கைராசிக்காரி ஆகிவிட்டாள்.

"ராசியும் இல்ல, கீசியும் இல்ல. வலது கை மரத்துப் போயிக் கெடக்கு, மாவு கரைச்சுக் கரைச்சு" என்பாள். சிரித்துக்கொண்டேதான் சொல்வாள். ஊரில் யாரும் அவளை அக்கா என்று நாற்காலி இழுத்துப் போட்டு உட்கார வைத்தது கிடையாது.

போணி முடிந்ததும் இலையில் இட்லி விழும். சாப்பிட்டுக்கொண்டே பேச்சு. வெங்காயப் பேட்டையில் கமிஷன் கடை வைத்திருந்த பொன்னழகுதான் சத்தமாகப் பேசுவார்.

"வெங்காயம் மாதிரிதாம்ப்பா இதுவும். எல்லாப் பயலும் அழுதுக்கிட்டு விக்கிறான் பாரு, அப்ப வாங்கிக் குவிச்சுப் பட்டறை போட்டு வச்சிரணும். நேத்து இரும்புக் கம்பெனி வாங்குனேன். ஏன்னா ஒரு பய சீண்டல."

"பட்டறையில அழுகுனா?" என்பார் பேகம்பூர் அப்துல் சுக்கூர். பள்ளிவாசல் பக்கம் சின்னதாகப் பாத்திரக் கடை வைத்திருந்தவர். பேங்க் பங்கு பக்கமே போகமாட்டார், வட்டிக் காசு ஹராம் என்று. "நான் மாத்திரைக் கம்பெனி வாங்கிருக்கேன். என் வீட்டுல மூணு பேருக்கு சுகர். தெருவுல வீட்டுக்கு ஒருத்தருக்கு. மாத்திரை செய்யிறவன் எப்புடிய்யா நஷ்டப்படுவான், சொல்லுங்க?"

மூன்றாவது ஆள் காத்தமுத்து. கீரனூரில் தோப்பைக் குத்தகைக்கு விட்டுவிட்டு மகள் வீட்டோடு வந்துவிட்டவர். "ஏனுங்க, எங்க கெணத்துல அந்த மோட்டாருதானுங்க ஓடுது. தண்ணி வத்துனது தெரியாம ரெண்டு மொற வெறுமனே ஓடியும் மோட்டாருக் காயிலு புகையலீங்க. அந்தக் கம்பெனிய வாங்காம வேற எதைங்க வாங்கறது?"

இவர்கள் பேச்சைக் கேட்டுக் கேட்டுத்தான் லூர்தம்மாளும் வாங்கினாள். அவள் புருசன் சேவியர் தோல் பதனிடுகிற ஷாப்பில் சுண்ணாம்புத் தொட்டிக்குள் நின்று காலம் தள்ளியவர். பாதமெல்லாம் வெடித்து, செருப்புப் போட முடியாது. ஷாப்பை மூடியபோது கொஞ்சம் பணம் கொடுத்து அனுப்பினார்கள். அந்தப் பணம்தான்.

"பைபாஸைக் கடக்க முடியலண்ணே" என்று அவள் அன்றைக்குக் காரணம் சொன்னாள். "ஒரு லாரியில ஒரே ஒரு காத்தாடி ரெக்கை. எங்க சந்து நீளம் இருக்கு. முன்னால ஒரு வண்டி, பின்னால ஒரு வண்டி, செவப்புக் கொடி. பொழுதன்னைக்கும் போய்க்கிட்டே இருக்கு. இம்புட்டு ரெக்கை போகுதுன்னா வாங்க ஆள் இருக்குன்னுதான அர்த்தம்?"

பொன்னழகு இட்லியை மெல்லுவதை நிறுத்திவிட்டார். "அடேங்கப்பா! இது நமக்குத் தோணலையே."

சகாயராஜ் தேடிப் பார்த்து, தென்காற்று என்ற காற்றாலைக் கம்பெனி என்றான். அவள் வாங்கினாள். பின்னாலேயே பொன்னழகும் காத்தமுத்தும் வாங்கினார்கள். ஒரே வருடத்தில் அது ஏறிய ஏற்றத்தைப் பார்த்து, சேவியர்கூட முதல்முறையாகப் பேப்பரில் கடைசிப் பக்கத்தைப் புரட்ட ஆரம்பித்தார்.

அவர்கள் குடியிருந்தது பேகம்பூரை ஒட்டிய சந்தில் ஒரு வாடகை வீடு. ஓடு சரிந்திருக்கும், சுவரில் உப்புப் பூத்திருக்கும். ஆனால் பின்கட்டில் ஒரு கிணறு. அந்தப் பக்கம் எங்கே தோண்டினாலும் உப்புதான். தோல் ஷாப்புத் தண்ணீர் மண்ணுக்குள் இறங்கி இறங்கி, இறைத்தால் டீத்தண்ணி நிறத்தில் வரும். இந்த ஒரு கிணறு மட்டும் எப்படியோ தப்பித்துக்கொண்டது. கற்கண்டுத் தண்ணீர். அரிசி ஊறுவதும் அந்தத் தண்ணீரில்தான், மாவு ஆட்டுவதும் அந்தத் தண்ணீரில்தான். இட்லி பஞ்சாக இருக்கிறதே, என்ன கைப்பக்குவம் என்று யார் புகழ்ந்தாலும், "கையில என்ன இருக்கு, தண்ணி அப்படி" என்பாள். அடக்கத்துக்குச் சொல்கிறாள் என்று நினைத்துக்கொள்வார்கள்.

இரண்டாயிரத்து ஏழு கார்த்திகைக் கடைசியில் வீட்டுக்காரர் சோலைமுத்து பழனியிலிருந்து வந்தார். அங்கே லாட்ஜ் வைத்திருந்தார். மேலே இன்னொரு மாடி எடுக்கப் போகிறாராம், இந்த வீட்டை விற்கப் போகிறாராம்.

"வெளியாளுக்குக் குடுக்குறதுக்கு முன்னால ஒங்களைக் கேக்கணும்ல. இம்புட்டு வருசம் கெணத்தை நீங்கதான தூர் வாரி வச்சிருக்கீக."

லூர்தம்மாளுக்குக் கண் கலங்கிவிட்டது. "வாங்கிக்கிறோம்ண்ணே. அட்வான்ஸ் நாளைக்கே தாரோம். மிச்சத்துக்கு லோன் போட்டுக்கிறோம்."

"நாளைக்கா? மார்கழி பொறக்கப் போகுது. வீட்டுப் பேச்சுக்கு மார்கழியில கை நீட்டமாட்டேன். தை பொறக்கட்டும். ரெண்டாவது வெள்ளிக்கெழமை நல்ல முகூர்த்தம் இருக்கு, அன்னைக்குக் குடுங்க."

சேவியர் சிரித்தார். "எங்களுக்கு மார்கழிதாண்ணே நல்ல மாசம். ஏசு பொறந்த மாசம்."

"ஒங்க சாமிக்கு நல்ல மாசம் சேவியரு. எஞ்சாமிக்கு வேணாமே."

அவர் போனதும் சேவியர் கேட்டார். "இப்பவே வித்துப் பணத்தை பேங்குல போட்டு வச்சிரலாமா?"

"ஏறிக்கிட்டுத்தான இருக்கு. அங்கனயே கெடக்கட்டும். தைக்குள்ள ஜன்னல் மாத்துற காசும் சேந்துரும்ல."

பேராசை என்று இதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஒழுகுகிற வீட்டுக்கு ஒரு ஜன்னல் கேட்டாள், அவ்வளவுதான்.

மார்கழி முழுக்க ஏறியது. கிறிஸ்துமஸுக்கு ஆபீசில் எல்லோருக்கும் அதிரசம் கொடுத்தாள். பொங்கலுக்கு முன்னால் லேசாக இறங்க ஆரம்பித்தது. பொங்கல் கழிந்தும் இறங்கியது. பொங்கலுக்குப் பிந்தின வெள்ளிக்கிழமை காலை அவள் தூக்குவாளிகளைக் கீழே வைத்த கையோடு சொன்னாள்.

"சகாயம், இன்னைக்கு என்னுது எல்லாத்தையும் வித்துரு. வர்ற வெள்ளி வீட்டுக்கு அட்வான்ஸ் குடுக்கணும்."

பொன்னழகு எழுந்து வந்தார்.

"என்ன தங்கச்சி காலங்காத்தால இப்புடிச் சொல்ற? போணியே விக்கிறதா?"

"தேவை வந்திருச்சுண்ணே."

"அம்மிணி" என்றார் காத்தமுத்து. குரல் உடைந்திருந்தது. "உங்க கையப் பாத்துத்தானுங்க நானும் அதையே வாங்கிப் போட்டேன். மகளுக்குச் சொல்லாமத்தானுங்க வாங்கினேன். நீங்களே வித்துப்போட்டா நாங்க என்னங்க பண்றது?"

"வெள்ளிக்கெழமை வேற" என்றார் பொன்னழகு. "வீட்டு லச்சுமிய வெள்ளிக்கெழமை யாராவது வெளிய அனுப்புவாகளா? திங்கக்கெழமை வித்துக்க. நீ இன்னைக்கு ஒரு பத்து வாங்கி விடு, அது திரும்பிரும் பாரு."

"விடுங்கய்யா" என்றார் அப்துல் சுக்கூர். "அவங்க வீட்டுத் தேவைக்கு விக்கிறாங்க. ஒங்களுக்கு என்ன வந்துச்சு?"

"பாய், ஒமக்கு மாத்திரைக் கம்பெனி. ஒமக்கென்ன!"

லூர்தம்மாள் சகாயராஜைப் பார்த்தாள். அவன் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். வாங்கினாலும் விற்றாலும் அவனுக்குக் கமிஷன் உண்டு. ஆனாலும் பொன்னழகையும் காத்தமுத்துவையும் பகைத்துக்கொள்ள அவனால் முடியாது. வருடக்கணக்காக அவள் கையால் சாப்பிட்ட மனிதர்கள் எதிரே நின்று கெஞ்சுகிறார்கள். வேண்டாம் என்று சொல்ல அவளுக்கு நாக்கு எழவில்லை. வெட்கமாக இருந்தது, விட்டுவிட்டு ஓடுகிறவள்போல. உட்கார்ந்து, பொன்னழகு பெயரில் பத்து வாங்கிவிட்டு வந்தாள்.

வீட்டில் சேவியர் கிணற்றடியில் உளுந்து கழுவிக்கொண்டிருந்தார்.

"வித்துட்டியா?"

"திங்கக்கெழமைன்னாங்க."

"யாரு?"

"எல்லாரும்தான்."

"எல்லாருக்குமா சேத்து வீடு வாங்குறோம்?" என்றார். மறுபடி குனிந்து உளுந்தைக் கழுவினார். அவர் திட்டியிருந்தால்கூட அவளுக்குத் தேவலாம்போல் இருந்திருக்கும்.

திங்கட்கிழமை திரையைப் பார்க்க முடியவில்லை. எல்லாம் சிவப்பு. காலையில் ஒரு விலை, இட்லி தீர்வதற்குள் ஒரு விலை. பொன்னழகு செல்போனை எடுத்து யாரிடமோ கத்தினார், வைத்தார், மறுபடி கத்தினார். "நாளைக்குத் திரும்பிரும் தங்கச்சி. இம்புட்டு எறங்குனா ஏறித்தான ஆகணும்" என்றார். லூர்தம்மாள் நின்றபடியே பார்த்துவிட்டு இறங்கிப் போனாள். அன்றைக்கும் அவள் விற்கவில்லை. விலை விழ விழக் கை வராது என்பது விற்றுப் பார்த்தவர்களுக்குத்தான் தெரியும்.

செவ்வாய்க்கிழமை சந்தை திறந்த வேகத்தில் வியாபாரத்தையே நிறுத்திவிட்டார்கள். இறக்கம் அளவுக்கு மீறிவிட்டதாம், ஒரு மணி நேரம் கழித்துத்தான் திறப்பார்களாம். திரை அசையாமல் நின்றது. யாரும் இலை போடவில்லை. குடல் குழம்பில் எண்ணெய் உறைந்து வெள்ளையாகப் படிந்தது. காத்தமுத்து சுவரோரம் தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"நீ விக்கணும்னு வாயெடுத்த பாரு" என்றார் பொன்னழகு, அவளைப் பார்க்காமல். "அன்னைக்குப் புடிச்சுது."

"யோவ், நாக்குல நரம்பு இருக்கா ஒமக்கு?" என்றார் அப்துல் சுக்கூர்.

மறுபடி சந்தை திறந்தது. லூர்தம்மாள் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு சகாயராஜ் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"என்னுதை எடு. எல்லாத்தையும்."

"அக்கா, இப்ப வித்தா பாதிகூட..."

"எடுடா."

"தங்கச்சி, இன்னும் போணியே ஆகல" என்றார் பொன்னழகு.

அப்போதுதான் அவளுக்குக் கோபம் வந்தது. அந்த ஆபீசில் அவள் குரல் உயர்ந்து யாரும் கேட்டதில்லை.

"என்னண்ணே போணி? வெங்காயக் கடைக்காரர்தான நீங்க, ஒங்களுக்குத் தெரியாதா? கடை தொறந்து மொத யாவாரம் விக்கிறதுதான் போணி! பத்து வருசமா இட்லி விக்கிறேன், ஒருநாளாச்சும் மொத இட்லிய நானே வாங்கிக்கிட்டு அதைப் போணின்னு சொல்லிருக்கேனா? இங்கன வந்து ரெண்டு வருசமா வாங்குறதையே போணின்னு பண்ணிருக்கோம், பைத்தியக்காரச் சனங்க. இன்னைக்குத்தான் நான் போணி பண்றேன். தள்ளுங்க."

அவளே அழுத்தினாள். போய்விட்டது. அவ்வளவு நாளாகத் திரையில் தெரிந்தது ஒரு நொடியில் போயிற்று. சேவியர் சுண்ணாம்புத் தொட்டியில் நின்றதில் முக்கால்வாசியும் அதோடு போயிற்று.

அவள் படியில் பாதி இறங்கும்போது மேலே காத்தமுத்து குரல் கேட்டது. "கைராசிக்காரங்களே வித்துப்போட்டாங்க. என்னுதையும் வித்துப்போடுங்க தம்பி." பின்னாலேயே பொன்னழகு. "எனக்கும் வித்துரு சகாயம். தென்காத்து, இரும்பு, எல்லாம்." அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றாள். திரும்பி ஏறி என்ன சொல்வது? இறங்கிவிட்டாள்.

மறுநாள் சந்தை ஏறியது. நன்றாகவே ஏறியது. அவள் படி ஏறியபோது நாற்காலி நகரவில்லை. காத்தமுத்து மட்டும், "ஒரு நா பொறுத்திருக்கலாமுங்களே அம்மிணி" என்றார். பொன்னழகு பேப்பரை விரித்து முகத்தை மறைத்துக்கொண்டார். இட்லி பாதிக்கு மேல் மிஞ்சியது. அந்த வாரக் கடைசியில் சகாயராஜ் போன் பண்ணினான்.

"கொஞ்ச நாளைக்கு டிபன் வேணாம்க்கா. இவங்க ஒரு மாதிரி பேசுறாங்க. அபசகுனம் அது இதுன்னு. தப்பா நெனைக்காதீங்க."

"நெனைக்கல சகாயம்" என்றாள். நினைத்தாள், நினைக்காமல் எப்படி?

இருந்த பணம் அட்வான்சுக்குப் பற்றவில்லை. சோலைமுத்து நல்ல மனிதர், பங்குனி வரைக்கும் பொறுத்தார். அப்புறம் அவருக்கும் லாட்ஜ் வேலை நின்றுபோனது. ஆனியில் வீடு கைமாறியது. வாங்கியது யார் என்பது பத்திரம் முடிந்த பிறகுதான் இவர்களுக்குத் தெரிந்தது. பொன்னழகு. வெங்காயக் குடோனுக்கு இடம் தேடிக்கொண்டிருந்தாராம். செவ்வாய்க்கிழமை விற்ற பணம் கையில் இருந்ததாம்.

பைபாஸுக்கு அந்தப் பக்கம் வரிசை வீடு ஒன்றுக்கு மாறினார்கள். கிரைண்டரை வைக்க இடமில்லாமல் கதவுக்கு வெளியே வைத்தார்கள். லாரித் தண்ணீர் வாரத்துக்கு இரண்டு தடவை வரும். அது எந்த ஊர்த் தண்ணீரோ, யாருக்குத் தெரியும்? ஊற வைத்த அரிசி மஞ்சளாகத் தெரிந்தது. லூர்தம்மாள் உளுந்தைக் கூட்டிப் பார்த்தாள், குறைத்துப் பார்த்தாள், புழுங்கலரிசியை மாற்றிப் பார்த்தாள். இட்லி தட்டையாகத்தான் வந்தது. வாடிக்கை ஒவ்வொன்றாகக் கழன்றுபோனது. ரெக்கை லாரி எப்போதாவது ஒன்று வாசல் வழியாகப் போகும். அவள் தலை நிமிர்ந்து பார்ப்பதில்லை.

அந்த வருடம் தீபாவளி கழிந்து ஒரு மழை நாள். வாசலில் ஸ்கூட்டர் நின்றது. பொன்னழகு தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு உள்ளே வந்தார்.

"நல்லாருக்கியா தங்கச்சி?"

"இருக்கோம்ண்ணே. ஒக்காருங்க. சாப்புடுறீகளா?"

வந்தவருக்கு இலை போடாமல் அனுப்ப அவளுக்குத் தெரியாது. நாலு இட்லியும் சட்னியும் வைத்தாள். சேவியர் கட்டிலில் கிடந்தபடி பார்த்துக்கொண்டிருந்தார், எழுந்திருக்கவில்லை.

"ஒன்னு சொல்லணும்னு வந்தேன்" என்றார் பொன்னழகு. "தென்காத்து இன்னைக்கு என்ன வெல தெரியுமா? பத்துல ஒன்னு கூட இல்ல. அன்னைக்கு நீ விக்காம இருந்திருந்தா நானும் வித்திருக்க மாட்டேன். மொத்தமாப் போயிருப்பேன். காத்தமுத்தண்ணனும் அதைத்தான் சொல்லிச் சொல்லி மாயுறாரு. நாங்க புரியாமப் பேசிட்டோம். ஒங்கைதான் தாயி எங்களைக் காப்பாத்துச்சு."

அவள் சட்னிக் கரண்டியைப் பிடித்தபடி நின்றாள்.

"இப்ப மார்க்கெட்டு தரையில கெடக்கு. இனிமே ஏறும்னு சகாயம் சொல்றான். திங்கக்கெழமை வந்து ஒரே ஒருக்கா கை வச்சுக் குடு. பழைய மாதிரி டிபனும் கொண்டா."

பேசிக்கொண்டே இட்லியைப் பிய்த்தார், மென்றார். இரண்டாவதைப் பிய்த்தவர் அப்படியே வைத்துவிட்டார்.

"என்ன தங்கச்சி, மாவு சரியாப் பொங்கலையா?"

"அந்தக் கெணறு எப்புடிண்ணே இருக்கு?" என்று கேட்டாள்.

பொன்னழகு தண்ணீரைக் குடித்தார். "கெணறா? அதை மூடிட்டேன் தாயி. பட்டறைக்குப் பக்கத்துல ஈரம் இருந்தா வெங்காயம் நிக்காது, அழுகிப் போகும். இடிச்ச வீட்டு ஓட்டையும் செங்கலையும் போட்டு மேலாப்புல சிமெண்டு பூசியாச்சு."

சேவியர் சுவர்ப் பக்கமாகத் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

லூர்தம்மாள் கரண்டியைச் சட்னிப் பாத்திரத்தில் போட்டாள். வந்தது அழுகையா ஆத்திரமா என்று அவளுக்கே தெரியவில்லை. ஆனால் குரல் சாதாரணமாகத்தான் வந்தது.

"எங்கையில ராசியுமில்ல, பக்குவமுமில்லண்ணே. நான் அன்னைக்கே சொன்னேன், நீங்க யாரும் கேக்கல. இருந்ததெல்லாம் அந்தத் தண்ணியிலதான் இருந்துச்சு. நீங்க அதுலதான் செங்கலக் கொட்டிருக்கீக."

பொன்னழகு துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு எழுந்தார். மழையில் ஸ்கூட்டர் உடனே கிளம்பவில்லை, உதைத்து உதைத்துத்தான் கிளப்பிக்கொண்டு போனார்.

இலையில் மூன்று இட்லி மிச்சமிருந்தது. அவள் அதை எடுத்து மடித்து வாசலில் நின்ற ஆட்டுக்குப் போட்டாள். ரோட்டு முனையில் தண்ணி லாரியின் ஹாரன் கேட்டது. குடங்களை எடுத்துக்கொண்டு போனாள்.